மூன்றாவது பாடம்

ஹாரோ, லண்டன்
அக்டோபர் இறுதி



பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் எல்லாவற்றுக்கும் இம்மாதம் 15ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாக ஒரே விண்ணப்பம். அதில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம்.

எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் போன வாரம் மகளோடு வந்தார். மகளுக்கு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் (எல்.எஸ்.இ.) பொருளாதாரம் படிக்க ஆசை. தேர்வில் வரும் என்று பள்ளி கணித்துக் கொடுத்திருக்கும் பிரிடிக்டட் கிரேட்: கணிதத்தில் ஏ ஸ்டார் (உச்ச கிரேட்), பொருளாதாரத்தில் ஏ, பிசினஸில் பி. எல்.எஸ்.இ. கேட்பது ஒரு ஏ ஸ்டார், இரண்டு ஏ. அந்த ஏ ஸ்டார் கணிதத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு படி குறைகிறது.

“அண்ணை, பிள்ளை நல்லாப் படிக்கிறாள். பிறகேன் ரீச்சர் அங்க போட வேண்டாம் எண்டு சொல்லுறா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நாம் வளர்ந்த ஊர்களில் எண்தான் தீர்ப்பு. தமிழ்நாட்டுப் பொறியியலுக்கு 200க்கு எவ்வளவு கட் ஆஃப் என்று பார்ப்பார்கள். இலங்கையில் மதிப்பெண்களைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் ஸ்கோர். இங்கே என்ன மதிப்பெண் என்பதோடு, எந்தப் பாடத்தில் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எல்.எஸ்.இ. பிசினஸ் ஸ்டடீஸை விருப்பத்துக்குரிய பாடமாகக் கொள்வதில்லை. மற்ற இரண்டும் வலுவாக இருந்தால் அதை மூன்றாவதாக ஏற்கும், அவ்வளவுதான். அதே இடத்துக்குப் போட்டியிடும் பிள்ளைகள் பலர் ஃபர்தர் மேத்ஸ் என்ற உயர் கணிதத்தையும் எடுத்திருப்பார்கள். இந்தப் பெண்ணின் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை.

என்னை வருத்துவது இதுதான். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவளுக்குப் பதினாறு வயது. பிசினஸ் சுலபம், பொருளாதாரத்துக்குத் துணையாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டாள். வீட்டில் பட்டதாரிகள் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. இரவு ஷிஃப்ட் பார்க்கும் தாய்க்கு யார் சொல்வது? 24 பெரிய பல்கலைக்கழகங்களைக் கொண்ட ரசல் குழுமம், பல கதவுகளைத் திறக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. கணிதம், இயற்பியல், வரலாறு எல்லாம் அதில் உண்டு, பொருளாதாரம் கிடையாது. 2019இல் அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அதனதன் விருப்பு வெறுப்பு இன்னமும் இருக்கிறது.

ஆசிரியை சொன்னதை நான் ஏற்கவில்லை. ஐந்தில் ஓரிடத்தை எல்.எஸ்.இ.க்குக் கொடு என்றேன். விண்ணப்பத்தைப் பார்க்கும் பல்கலைக்கழகத்துக்கு மற்ற நான்கும் எவை என்று தெரியாது, அதனால் மற்ற வாய்ப்புகள் கெடப்போவதில்லை. பிரிடிக்டட் கிரேட் அப்படியொன்றும் கல்வெட்டும் அல்ல. 2016இல் கில் வைனெஸ் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, நூற்றுக்குப் பதினாறு பேருக்குத்தான் அது அப்படியே பலித்திருந்தது. பெரும்பாலோருக்குக் கூடுதலாகவே கணித்திருந்தார்கள்; ஆனால் வசதி குறைந்த வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைத்துப் போடுவது சற்று அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. 2020இல் கொரோனாவால் தேர்வு நின்றபோது கணினிச் சூத்திரம் ஒன்று இங்கிலாந்தில் பத்தில் நான்கு கிரேடுகளைப் பள்ளி கணித்ததைவிடக் குறைத்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கிய பிறகு, ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. பிறர் கையால் விழும் எழுத்துக்கு இந்த நாட்டுப் பிள்ளைகள் கொடுத்த விலையை அந்த வாரம் நேரில் பார்த்தேன்.

ஆனால் ஐந்தையும் உச்சாணிக் கொம்பில் வைக்கக் கூடாது. இரண்டு எட்டிப் பிடிக்க, இரண்டு கைக்கு வசப்பட, ஒன்று பி வந்தாலும் கைவிடாத இடமாக. இடம் தர முன்வருபவர்களில் ஒருவரை முதல் தெரிவாகவும் இன்னொருவரைக் காப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்; அந்தக் காப்பு முதலாவதைவிடக் குறைவாகக் கேட்பதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கிரேடைக் கேட்டு, ஆகஸ்டில் இரண்டையும் இழந்து, கிளியரிங்கில் காலி இடம் தேடித் தொலைபேசியோடு நின்ற பிள்ளைகளை அறிவேன்.

இன்னொன்றும் சொன்னேன். பள்ளியில் ஃபர்தர் மேத்ஸ் இல்லை என்பதை ஆசிரியர் தம் பரிந்துரையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், இவளே வேண்டாமென்று விட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார். அதைக் கேட்கத் தாய்க்குத் தயக்கம். “ரீச்சர் கோவிப்பாவோ?” என்றார். கோபித்தால் கோபிக்கட்டும், கேட்பது பிள்ளையின் உரிமை என்றேன்.

அவளுடைய தங்கைக்குப் பதினைந்து வயது. அவள் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தக் குளிர்காலத்தில். படிவத்தை நிரப்புவதற்கு முன் தாயும் இளையவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மனதிலிருக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் எந்தெந்தப் பாடம் கட்டாயம் என்று பல்கலைக்கழகங்களின் விதிகளை உட்கார்ந்து வாசிக்கப் போகிறோம். அவளுடைய பள்ளி வேறு. அங்கே ஃபர்தர் மேத்ஸ் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஹாரோ நண்பன்