சூடம் வந்த வழி

பத்துமலையின் 272 படிகளையும் ஏறிப்போய் நின்றால், தீபாராதனைத் தட்டில் எரியும் சூடம் சாம்பல்கூட மிச்சம் வைக்காமல் முடிந்துபோகிறது. அது எங்கே போகிறது என்பதற்கு நம்மிடம் தத்துவ விளக்கங்கள் உண்டு. எங்கிருந்து வந்தது என்பதை நான் தேடினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பூசைச் சாமான் கடையில் கேட்டேன். "எல்லாம் இந்தியாவுலேர்ந்து வர்றதுதான் தம்பி" என்றார் கடைக்காரர். வாங்கிய வில்லைகளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தேன். நாளாக நாளாக வில்லைகளின் விளிம்பு மழுங்கியது. புட்டியின் கழுத்தருகே பொடிப்பொடியாகப் படிகம் பூத்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. திடம் நேரே ஆவியாகி, அந்த ஆவி மறுபடி திடமாகியிருந்தது. பள்ளியில் படித்த பதங்கமாதல் இதுதான்.

மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால்தான் ஒரு பொருள் திடமாக இருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் வேண்டும். கற்பூர மூலக்கூறு உருண்டையானது, அதன் பிடி தளர்வானது. ஒரு கிராம் கற்பூரம் ஆவியாக ஏறத்தாழ 350 ஜூல் போதும். ஒரு கிராம் தண்ணீருக்கு 2,200 ஜூலுக்கு மேல் வேண்டும். அதே ஒரு கிராம் கற்பூரம் எரிந்தால் 38,000 ஜூலுக்கு மேல் வெப்பம் கிடைக்கிறது. தட்டில் எரிவது வில்லையிலிருந்து எழும் ஆவிதான். சுடர் தன் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக் கொடுத்தாலே அடுத்த ஆவி எழுந்துவிடும். திரியில்லாமல் சூடம் எரியும் காரணம் இதுவே.

இன்றைய சூடம் பைன் மரத்து டர்பென்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. பழைய கற்பூரத்தைத் தேடிப்போனபோது, வழி பத்துமலைக்கு அருகிலேயே, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கற்பூரத்தைத் தரும் காப்பூர் மரங்கள் அங்கே நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடுவதில்லை. இடையிடையே வானம் வாய்க்கால்போல் ஓடுகிறது. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ காடுகளுக்கே உரிய மரம் இது. முதிர்ந்த மரத்தின் உள்வெடிப்புகளில் உறையும் படிகத்தில் பெரும்பகுதி போர்னியோல். கற்பூர மூலக்கூறைவிட இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதல்.

இந்தச் சரக்குக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவின் பாரூஸ். அதையடுத்த லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு நட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் ஆண்டு 1088.

தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்கள் ஊரிலிருந்து வழிபாட்டைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த வழிபாட்டின் மணங்களில் ஒன்று, பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து அங்கே போனது. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பதங்கமாதலை ஒரு புட்டிச் சூடத்தோடு தொடங்கி, பிள்ளைகளைக் கெப்போங் மரங்களடியில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் அங்கே ஒன்றாகவே கிடைக்கின்றன.