புகை வரலையா... ஜாக்கிரதை பாஸ்!

டூ-ஸ்ட்ரோக் பைக் வச்சிருக்கிற உங்க ஃப்ரெண்ட் யாராவது, "மச்சான், என் வண்டி இப்பல்லாம் புகையே விடறதில்லைடா!"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கறானா? கை குலுக்கி வாழ்த்து சொல்லிடாதீங்க. முதல்ல வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க. டூ-ஸ்ட்ரோக் வண்டியில திடீர்னு புகை நின்னா, வண்டி திருந்திடுச்சுன்னு அர்த்தம் இல்லை. சாப்பாடு இல்லாம பட்டினி கிடக்குதுன்னுதான் அர்த்தம்!

யமஹா ஆர்.எக்ஸ். 100 நம்ம ஊருக்கு வந்தது 1985-ல. தயாரிப்பு நின்னது 1996-ல. எனக்கு வயசு 20. ஸோ, ரோட்ல ஓடற எந்த ஆர்.எக்ஸ்.ஸும் எனக்கு சீனியர்தான். இருந்தாலும் எந்தக் காலேஜ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஒண்ணு ரெண்டாவது பளபளன்னு நிக்குது. மாமாகிட்டேருந்தோ, சித்தப்பாகிட்டேருந்தோ கைமாறி வந்ததா இருக்கும். வண்டியைக் கொடுக்கறவங்க ஆர்.சி. புக்கைக் கொடுக்கறாங்க, சாவியைக் கொடுக்கறாங்க. ஆனா, இன்ஜின் ஓரத்துல சத்தமே போடாம வேலை பார்க்கிற ஆயில் பம்ப் பத்தி மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை.

ஒன் வே டிக்கெட்!

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிக்கும். பம்ப் அதை மேலே அனுப்பும், வேலை முடிஞ்சு திரும்பக் கீழே வரும். ரிட்டர்ன் டிக்கெட். டூ-ஸ்ட்ரோக்ல அந்தக் கதையே கிடையாது. பெட்ரோலும் காத்தும் கிராங்க் கேஸுக்குள்ள புகுந்துதான் மேலே போகுது. அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால, பெட்ரோல் கலவையோடவே ஆயிலும் உள்ளே போகணும், வழவழப்பு கொடுக்கணும், எரிஞ்சு புகையா வெளியே போகணும். ஒன் வே டிக்கெட். நாம திட்டற அந்த லேசான புகைதான் இன்ஜினுக்கு ஆயில் கிடைச்சதுக்கான ரசீது.

முன்னெல்லாம் இந்த ஆயிலைப் பெட்ரோல் டேங்க்லயே கலந்து ஊத்தணும். 1964-ல யமஹா தன்னோட ஒய்.ஏ. 6 மாடல்ல 'ஆட்டோலூப்'னு தனி பம்ப் வச்சுது. ஆயிலுக்குத் தனி டேங்க். பம்ப் இன்ஜினோட சேர்ந்து சுத்தும். ஆக்ஸிலரேட்டர் கேபிளோட ஒரு கிளை கார்புரேட்டருக்குப் போகும், இன்னொண்ணு பம்புக்குப் போகும். முறுக்க முறுக்க ஆயிலும் கூடும். ஆர்.எக்ஸ். 100-ல இருக்கிறதும் அதே ஐடியாதான்.

அந்த நாலு சொட்டு ஆயில் எதுக்குன்னு கேட்கறீங்களா? சின்னதா ஒரு கணக்கு. ஆர்.எக்ஸ்.ஸோட போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா 98 சி.சி. வருதா? 7,500 ஆர்.பி.எம்.ல பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 125 தடவை மேலே போய்க் கீழே வருது. சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ.! அஞ்சு சென்டிமீட்டர் சந்துக்குள்ள டவுன் பஸ் வேகம். பிஸ்டன் அலுமினியம், உரசற சுவர் வார்ப்பிரும்பு. சூடானா அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். நடுவுல ஆயில் படலம் இல்லைன்னா பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடிச்சுக்கும். மெக்கானிக் பாஷையில 'ஜாம்'. பின்னாடி வீல் அப்படியே பூட்டிக்கும்.

ஆயில் குட்டி போட்ட கதை

எங்க அப்பா தினமும் வேலைக்குப் போறது ஆர்.எக்ஸ்.லதான். ஒருநாள் பைபாஸ்ல 60-ல போயிட்டிருந்தவருக்கு, வண்டியை யாரோ பின்னாலேருந்து இழுக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு. இன்ஜின் சத்தம் இறுகியிருக்கு. டக்குனு கிளட்ச்சைப் பிடிச்சு ஓரமா நிறுத்திட்டார். அரை மணி நேரம் ஆறவிட்டு உதைச்சதும் ஸ்டார்ட் ஆச்சு. மெதுவா உருட்டிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே லாரி வந்திருந்தா? அந்தக் கேள்வியை அம்மா அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

நான் முதல்ல பார்த்தது ஆயில் டேங்கை. எப்பவும் போல அளவு குறைஞ்சிருந்துச்சு. அப்ப பம்ப் வேலை செய்யுதுதானே? அங்கேதான் ட்விஸ்ட். பிளக்கைக் கழட்டினா, பிஸ்கட் கலர்ல இருக்க வேண்டியது வெளுத்துப்போய்க் காய்ஞ்சு கிடந்துச்சு. டேங்க்லேருந்து ஆயில் போகுது, இன்ஜினுக்கு வந்து சேரலை. அப்ப நடுவுல யார் குடிக்கறா?

எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒண்ணுமே பேசாம கியர் ஆயில் போல்ட்டைக் கழட்டினார். ஊத்தினதைவிட அதிகமா வந்துச்சு. அதுவும் தண்ணியா, டூ-டி ஆயில் வாசனையோட! "ஆயில் குட்டி போட்டிருக்கு தம்பி"ன்னு சிரிச்சார். பம்போட ஷாஃப்ட் நுழையற இடத்துல, ஒரு ரூபாய் காசைவிடச் சின்னதா ஒரு ஆயில் சீல் இருக்கு. அது தேய்ஞ்சதால ஆயில் கிளட்ச் பக்கம் இறங்கி கியர்பாக்ஸ்ல குடும்பம் நடத்திட்டிருந்துச்சு. போதாததுக்கு அதே வழியா பம்ப் காத்தையும் உறிஞ்சியிருக்கு. இன்ஜினுக்குப் போனது பாதி ஆயில், பாதி குமிழி. இதுல கம்பெனி மேல பழி போட எதுவும் இல்லை. 30 வயசைத் தொடற ரப்பர் வேற என்ன செய்யும்?

"தூக்கிடலாமா தம்பி?"

"பம்பைத் தூக்கிட்டு ஓட்டையை அடைச்சிடலாம். லிட்டருக்கு இவ்வளவுன்னு டூ-டி கலந்து ஊத்திக்கோ. கெட்டுப்போறதுக்கே ஒண்ணும் இருக்காது"ன்னார் அண்ணன். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. ரேஸ் ஓட்டறவங்க பலர் அப்படித்தான் கலந்து ஊத்தறாங்க. பாதி ஆர்.எக்ஸ். பசங்களும் இதைத்தான் செய்யறாங்க.

"அண்ணே, ஒரே ஒரு டவுட்டு"ன்னு ஆரம்பிச்சேன். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கறப்போ ஆக்ஸிலரேட்டரை மூடிட்டு, கியர் பிடியிலேயே வருவோம். இன்ஜின் வேகமாத்தான் சுத்தும். ஆனா, உள்ளே போற பெட்ரோல் ரொம்பக் கம்மி. பெட்ரோல்லதான் ஆயில் இருக்குன்னா, ஆயிலும் கம்மி. பம்ப் இருந்தா, கேபிள் மூடியிருந்தாலும் இன்ஜின் சுத்தற வேகத்துக்கு ஏத்த மாதிரி குறைஞ்சபட்ச ஆயில் போய்க்கிட்டே இருக்கும்.

அண்ணன் பீடியை அணைச்சிட்டு, "அதனாலதான் விவரம் தெரிஞ்சவன் இறக்கத்துல நடுநடுவுல லேசா முறுக்கி விடுவான்"னார். ரெண்டு பேருமே சரி! தீர்ப்பு சொன்னது அப்பா. "காலையில டிபன் பாக்ஸையே மறந்துட்டுப் போறவன் நான். பங்க்ல நின்னு கணக்குப் போட்டு ஆயில் கலப்பேன்னு நினைக்கறியா?" முடிஞ்சது. பம்பைச் சரி பண்றதுன்னு முடிவாச்சு.

ஞாயித்துக்கிழமை ஆபரேஷன்

முதல்ல அண்ணன் சிலிண்டரைக் கழட்டினார். பிஸ்டன் ஓரத்துல லேசான கீறல்தான். நைஸ் எமரி பேப்பர்ல தேய்ச்சே சரியாச்சு. சுவர் தப்பிச்சதால போர் பண்ற செலவு மிச்சம்.

அடுத்தது பம்ப். கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணைத் துடைச்சோம். தூசி ஒண்ணு உள்ளே போனாலும் புதுசா ஒரு வியாதி வரும். பழைய சீல் விரல்ல வளைச்சதும் அப்பளம் மாதிரி விரிஞ்சுது. ஷாஃப்ட்ல நகத்தை ஓட்டிப் பார்த்தோம். பள்ளம் விழுந்திருந்தா புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை. விழலை. பம்பைச் சுத்தற கியர் பல்லும் முழுசா இருந்துச்சு. புது சீலைச் சரியான அளவு சாக்கெட் வச்சு நேரா தட்டி இறக்கினோம். புது கேஸ்கெட் வச்சு மாட்டினோம்.

இனிமேதான் பலரும் கோட்டை விடற இடம்: காத்து எடுக்கறது. ஆயில் டேங்கை நிரப்பி, பம்ப்ல இருக்கிற பிளீடு ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிக்கிற வரைக்கும் ஆயிலை ஓடவிடணும். அப்புறம் பெட்ரோல்லயும் கொஞ்சம் டூ-டி கலந்து ஊத்தி ஸ்டார்ட் பண்ணணும். பம்ப் குழாய் முழுக்க ஆயில் வர்ற வரைக்கும் இன்ஜினுக்கு அதுதான் பாதுகாப்பு. வண்டி ஐடில்ல ஓடறப்போ பம்ப் கேபிளைக் கையால முழுசா இழுத்துப் பிடிச்சா, குழாய்ல இருக்கிற குமிழியெல்லாம் வரிசையா வெளியேறும். கடைசியா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். பம்ப் சக்கரத்துல இருக்கிற குறி எங்கே நிக்கணும்னு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். கண்ணால பார்த்துக் குத்துமதிப்பா வைக்காதீங்க.

செலவு? சீல், கேஸ்கெட், ஆயில் எல்லாம் சேர்த்தும் ஒரு சினிமா செலவுக்குள்ள முடிஞ்சுது. முதல் டேங்க் பெட்ரோலை மட்டும் ஆயில் கலந்தே ஓட்டினோம். கொசு மருந்து அடிக்கற வண்டி மாதிரி புகை. தெருவே திட்டுச்சு, அப்பா முகத்துல மட்டும் நிம்மதி.

உங்க வண்டிக்கு அஞ்சு நிமிஷம்

ஆயில் டேங்க்ல ஒரு சின்ன டேப் ஒட்டி அளவைக் குறிச்சு வைங்க. ஆயில் குறையவே இல்லைன்னாலும் ஆபத்து, குறைஞ்சும் புகை வரலைன்னாலும் ஆபத்து. கியர் ஆயில் மாத்தறப்போ, ஊத்தினதும் வந்ததும் சரியா இருக்கான்னு அளந்து பாருங்க. மாசம் ஒரு தடவை பிளக் கலரைப் பாருங்க. ராத்திரி நிறுத்தின வண்டி காலையில மட்டும் ஏகப்பட்ட புகை விடுதா? பம்ப்லேருந்து வர்ற ஆயிலைத் தடுத்து நிறுத்தற குட்டி வால்வு லூஸ் ஆகியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் ஆர்.எக்ஸ். வாங்கறவங்க, "பம்ப் இருக்கா, தூக்கியாச்சா?"ன்னு கட்டாயம் கேளுங்க. பம்ப் இல்லாத வண்டியில வெறும் பெட்ரோல் ஊத்தினா, கொஞ்ச தூரத்துலேயே கதை முடிஞ்சிடும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டறப்போ இடது கையோட ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். சத்தம் இறுகுது, வண்டி இழுக்குதுன்னு தெரிஞ்ச அதே நொடியில கிளட்ச்சைப் பிடிங்க. இன்ஜின் நின்னாலும் வீல் சுத்தும், நீங்க விழ மாட்டீங்க. பிஸ்டன் போனா கடையில வாங்கிக்கலாம் பாஸ்!