ஓட்டுக்குள் அடங்கிய சத்தம்

‘இன்குபேட்டரில் வைத்த நாட்டுக்கோழி முட்டையில், குஞ்சு ஓட்டைக் கொத்திய பிறகும் வெளியே வராமல் செத்துப்போவது ஏன்?’ என்று போன இதழ் கேள்வி-பதிலில் ஒருவர் கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு அந்தச் சித்திரை மாதம்தான் ஞாபகம் வந்தது.

மகளிர் குழுக் கடனில் சிறிய இன்குபேட்டர் ஒன்று வாங்கி, 46 முட்டைகள் வைத்தேன். வெப்பம் 37.5 டிகிரி மாறாமல் பார்த்துக்கொண்டேன். தட்டில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. 20-ம் நாள் இரவு ஓட்டுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். பிள்ளைகளுக்குக் காட்ட மூடியைத் திறந்து திறந்து மூடினேன். விடிந்தபோது பல முட்டைகளில் கொத்திய ஓட்டை மட்டும்தான் இருந்தது, சத்தம் இல்லை. உள்சவ்வு காகிதம்போலக் காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டியிருந்தது. மனசு கேட்காமல் ஒன்றை நானே உரித்தேன். ரத்தம் கசிந்து அதுவும் போனது. தேறியவை 11 குஞ்சுகள்.

அத்தை திட்டவில்லை. “வெயில் காலத்துல அடைக்கூடை மணல்ல எதுக்குத் தண்ணி தெளிக்கிறோம்னு நீ கேட்டதே இல்லையேம்மா” என்றார்.

அதன்பிறகு ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். முதல் 18 நாள் 50-55 சதவிகிதம், கடைசி 3 நாள் 65-70 சதவிகிதம் ஈரப்பதம். ஆரம்பத்திலேயே ஈரம் கூடினாலும் ஆபத்துதான். முட்டையிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியானால்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். இல்லாவிட்டால் குஞ்சு மூச்சுத் திணறும். ஈரம் கூட்டத் தண்ணீரின் ஆழம் உதவாது, பரப்புதான் உதவும். அகலத் தட்டு வைத்து, அதில் நனைத்த பஞ்சும் போடுகிறேன். காற்றுத் துளைகளை அடைப்பதில்லை. 18-ம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி மூடினால், குஞ்சுகள் பொரிந்து உடம்பு காயும்வரை திறப்பதில்லை. கொத்திய குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். மிச்சமிருக்கும் ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் அது உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. நாம் கை வைக்கக் கூடாது.

அடுத்த முறை 40 முட்டைகளில் 31 குஞ்சுகள் பொரிந்தன. அதில்தான் முதல் தவணை கட்டினேன். பிள்ளைகள் இப்போது மூடியில் உள்ள கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள்.