பிராண்டடா, அசெம்பிள்டா?

தில்லி நேரு பிளேஸுக்குள் இரண்டு லட்ச ரூபாயுடன் நுழைபவர்களை அலைக்கழிக்கும் கேள்வி: பழுதானால் யாரைப் பிடிப்பது?

கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே குரல்கள் வந்து விழுகின்றன. லேப்டாப் ரிப்பேரா, டோனர் வேண்டுமா, திரைக்கு ஒட்டும் கண்ணாடி வேண்டுமா என்று தெற்கு தில்லியின் நேரு பிளேஸ் சதுக்கத்தில் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒருவர் வழி மறிக்கிறார். ஒரு காலத்தில் இதே ஆட்கள் "சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர்" என்று காதோரம் கிசுகிசுத்தபடி திருட்டு சிடிக்களின் பட்டியலை நீட்டினார்கள். அந்தப் புகழ் கடல் கடந்தும் போனது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் போலிச் சரக்குச் சந்தைகளின் பட்டியலில் நேரு பிளேஸ் பலமுறை இடம்பெற்றது. சிடிக்கள் போய்விட்டன. குரல்கள் போகவில்லை.

2025 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. புகையும் பனியும் கலந்த தில்லிக் குளிரில், அரைக்கை ஸ்வெட்டரும் கழுத்தில் மஃப்ளருமாக ஒரு தந்தை. பக்கத்தில் பொறியியல் படிக்கும் மகன். ஆர்.கே. புரத்தில் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். தந்தைக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். முதிர்ந்துவிட்ட ஒரு எல்ஐசி பாலிசியில் வந்த பணத்திலிருந்து இரண்டு லட்சத்தை ஒதுக்கியிருக்கிறார். மகனுக்கு வேண்டியது கம்ப்யூட்டர். சாதாரண ரகம் அல்ல, விளையாட்டுகளுக்கென்றே செய்த உயர்ரகம். வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எப்படி வாங்குவது என்பதில்தான் வீட்டில் ஒரு மாதமாக வாக்குவாதம்.

இந்தச் சந்தையில் அந்த வாக்குவாதத்துக்கு இரண்டே வார்த்தைகள்: பிராண்டட், அசெம்பிள்டு. கம்பெனி முத்திரையோடு பெட்டியில் வருவது முதல் ரகம். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்துப் பூட்டுவது இரண்டாவது. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் மும்பை லேமிங்டன் ரோட்டிலும் வாடிக்கையாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான்.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டருக்காகப் பிறந்த இடமல்ல. 1962-ன் தில்லி மாஸ்டர் பிளானில், கன்னாட் பிளேஸின் நெரிசலைக் குறைக்க மாவட்ட மையங்கள் என்றொரு யோசனை இருந்தது. அதன்படி 1970-களில் தில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய அலுவலகக் கட்டடக் கூட்டம் இது. மேக்தூத், ஹேம்குண்ட், தேவிகா, மஞ்சுஷா என்று பெயர்கள் மட்டும் கவித்துவமாக இருக்கும். கட்டடங்கள் எல்லாம் காங்கிரீட் பெட்டிகள். துணிக்கடைகள் முன்பே வேரூன்றிவிட்டன. இன்றும் ராம் குச்சி விற்கும் கடைக்கு இரண்டு வாசல் தள்ளி சோபாத் துணியும் திரைச்சீலையும் மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் மேல்மாடியில் கிராபிக்ஸ் கார்டு பார்க்க, அம்மாக்கள் கீழே துணி பார்ப்பது வாடிக்கை.

கம்ப்யூட்டர் இங்கே ஏறியது 1980-களில். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1991-க்குப் பிறகு இன்னும் அகலமாகத் திறந்தது. ஆனாலும் வரி கனமாகவே இருந்தது. முழு இயந்திரம் வாங்கக் கட்டுப்படியாகாத நடுத்தர வர்க்கத்துக்கு, தைவானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நேர்வழியிலும் குறுக்குவழியிலும் வந்த பாகங்களைக் கோத்துக் கொடுக்கும் சின்னக் கடைகள்தான் தெய்வம். 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்து, 2005-க்குள் சுங்க வரி பூஜ்யமாகும்வரை அசெம்பிள்டு என்றால் மலிவு என்றே அர்த்தம்.

தந்தையின் பயம் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1998-ல் இதே சதுக்கத்தில், பேஸ்மென்ட் கடை ஒன்றில், அலுவலகத்தில் கடன் போட்டு ஒரு அசெம்பிள்டு பென்டியம் வாங்கினார். எட்டு மாதத்தில் மானிட்டர் இருண்டது. தூக்கிக்கொண்டு வந்தால் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. கையில் இருந்ததோ, தேதியும் தொகையும் மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. இந்தச் சந்தையின் பாஷையில் அதற்குக் கச்சா பில் என்று பெயர். அந்தக் கடனை அடைத்து முடிக்க அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆயிற்று.

"ஏன்டா, நாளைக்கு இவனும் கடையை மூடிண்டு போயிட்டா யார்கிட்ட போய் நிக்கறது?"

"கடை போனாலும் கம்பெனி வாரண்டி இருக்குப்பா. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியா இருக்கு."

மகன் சொல்வதில் தவறில்லை. பிராண்டட் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டி. அதற்கு மேல் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தனித்தனியாக வாங்கினால் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வழக்கமாக மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்திலிருந்து பத்து வருடம்வரை கிடைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் அசெம்பிள்டுக்கே வெற்றி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நாள் காலை திரை கறுத்தே கிடந்தால், செத்தது எது என்று யார் சொல்வது? பிராண்டட் என்றால் ஒரு போன் நம்பர். ஆள் வீட்டுக்கு வருவார், கண்டுபிடிப்பது அவர் பாடு. அசெம்பிள்டு என்றால் ஆறு பெட்டி, ஆறு சர்வீஸ் சென்டர். கார்டுதான் பழுது என்று நினைத்து எடுத்துப்போனால் 'கார்டு நன்றாக இருக்கிறது' என்று திருப்பித் தருவார்கள். கார்டே பழுதென்றாலும், மாற்றுக் கார்டு வரும்வரை மீதி ஐந்து பாகங்களும் மேஜை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சொந்தமாகப் பூட்டுபவர் மிச்சப்படுத்தும் பணம், உண்மையில் ஒரு மெக்கானிக்கின் சம்பளம். வேலை வந்தால் மெக்கானிக் அவரேதான்.

அப்படியென்றால் பிராண்டட் பெட்டி நிம்மதியா? அதுவும் இல்லை. விளம்பர ஸ்டிக்கரில் பிராசஸர் பெயரும் கிராபிக்ஸ் கார்டு பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் என்ன தரம், மதர்போர்டு என்ன மாடல் என்பதைத் தேடினாலும் கிடைக்காது. செலவைக் குறைப்பது அங்கேதான். இரண்டு ராம் குச்சிகள் ஜோடியாக வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒற்றைக் குச்சியைச் செருகியிருப்பார்கள். சில பெரிய கம்பெனிகள் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தங்களுக்கென்று தனி அளவில் செய்துகொள்கின்றன. மூன்று வருடம் கழித்து எஸ்எம்பிஎஸ் போனால் சந்தையில் கிடைக்கும் எதுவும் உள்ளே உட்காராது. மகன் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். அந்த ஒற்றைக் குச்சியைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் கேலி ஏறுகிறது.

உயர்ரகத்தில் பணம் எங்கே போகிறது என்பதில் ரகசியமில்லை: கிராபிக்ஸ் கார்டு. 2025-ன் முதல் மாதங்களில் என்விடியா தன் புதிய வரிசையை இந்தியாவில் அறிவித்தபோது, ஆர்டிஎக்ஸ் 5070-க்கு ரூ.59,000, 5070 டிஐக்கு ரூ.80,000, 5080-க்கு ரூ.1,07,000 என்று விலை வைத்தது. உச்சியில் இருக்கும் 5090-க்கு ரூ.2,14,000, ஒரு பாகத்துக்கு இந்தக் குடும்பத்தின் மொத்த பட்ஜெட்டைவிட அதிகம். தனியாக 575 வாட் குடிக்கும் கார்டு அது. மே மாதத்து தில்லியில் அதை ஓட்டினால் அறையின் ஏசி தனியாகப் போராட வேண்டும்.

மகனின் பட்டியலில் 5070 டிஐ. கூடவே விளையாட்டுக்காரர்களின் செல்லப்பிள்ளையான ஏஎம்டியின் ரைசன் 7 7800 எக்ஸ்3டி பிராசஸர். அக்டோபரில் அவன் போட்ட கணக்குப்படி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் அடங்கி, ஒரு நல்ல நாற்காலிக்கும் மிச்சமிருந்தது. டிசம்பருக்குள் கணக்கு கவிழ்ந்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போய்விட, சில்லறைச் சந்தையில் ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. டிசம்பர் முதல் வாரத்தில் மைக்ரான் நிறுவனம், சாமானியர்களுக்கான தன் குரூஷியல் ராம் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பழைய விலைச் சரக்கில் செய்த பிராண்டட் பெட்டிகள் சில, பாகங்களின் கூட்டுத்தொகையைவிட மலிவாக நின்றன. அசெம்பிள்டுதான் மலிவு என்ற பழைய வேதவாக்கு அந்த மாதம் செல்லவில்லை.

விலை ஏறும்போது குறுக்குவழிகளும் முளைக்கின்றன. பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சாடைமாடையாகச் சொல்லும் கடைகள் உண்டு. வாரண்டி கேட்டுப் போகும் நாளில் கம்பெனி கேட்கும் முதல் காகிதம் அந்தப் பில்தான். செகண்ட் ஹேண்ட் கார்டு இன்னொரு பொறி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் செயல்முறையை மாற்றிக்கொண்டதும், இரவு பகலாக அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. துடைத்து, புது டப்பாவில் போட்டால் அவற்றை அடையாளம் காண்பது கடினம். டப்பாவிலுள்ள சீரியல் நம்பரும் கார்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று பார்க்கத் தெரிந்தவர் அதிர்ஷ்டசாலி.

மூன்று கட்டடங்கள், ஏழு கடைகள், ஒரு தட்டு ராஜ்மா சாவல். பிறகு இரண்டாவது மாடியில் ஒரு கடை பிடிபடுகிறது. பாகங்களை வாங்கினால் அங்கேயே பூட்டித் தருவார்கள். எல்லா சீரியல் நம்பர்களும் ஏறிய ஒரே பக்கா பில். முதல் ஒரு வருடம் எது பழுதானாலும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் போதும்; எந்தப் பாகம் என்று கண்டுபிடித்துக் கம்பெனிக்கு அலைவது கடையின் பொறுப்பு. மகன் மதர்போர்டைப் பார்க்கிறான். தந்தை கடையைப் பார்க்கிறார்: சுவரில் எத்தனை வருடத்துப் பழைய விநாயகர் காலண்டர், பெயர்ப்பலகையின் பெயின்ட் எவ்வளவு வெளுத்திருக்கிறது, பில்லில் உள்ள முகவரியும் வாசல் நம்பரும் ஒன்றா. அப்படியும் திருப்தியில்லை. டாய்லெட் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, படிக்கட்டோரம் டீ விற்பவரிடம் விசாரிக்கிறார். அந்தக் கடைக்குப் பதினாறு வருடமாக டீ கொடுத்து வருவதாகப் பதில் வருகிறது. இருந்தவற்றிலேயே அவர் ஏற்றுக்கொண்ட வாரண்டி அதுதான்.

ராம் விலையில் மட்டும் வழி பிறக்கவில்லை. கார்டைக் குறைக்க மகனுக்கு மனமில்லை. கடைசியில் 16 ஜிபி ஒற்றைக் குச்சி. இரண்டாவது குச்சி விலை இறங்கிய பிறகு. அவன் கேலி செய்த அதே ஒற்றைக் குச்சி. தந்தை ஒன்றும் சொல்லவில்லை, லேசாகச் சிரித்ததோடு சரி.

பூட்டும் மேஜையில் இன்னொரு பேரம் நடந்தது. பிராசஸரைத் தானே வைப்பதாக மகன் கேட்டான். அது உட்கார வேண்டிய சாக்கெட்டில் முடி கனத்தில் 1,718 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு கம்பெனி வாரண்டியை மறுத்துவிடும், கடையும் ஏற்காது என்று கடைக்காரர் இந்தியில் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போல அமைதி.

"கை நடுங்காம வைப்பியா?"

"வைப்பேன்ப்பா."

"வை."

மூலையிலுள்ள சின்ன முக்கோணக் குறியைப் பொருத்தி, அழுத்தாமல், தானாக விழும்படி வைத்தான். பிடியை இறக்கும்போது உலோகம் கிறீச்சிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் மூடி டப்பென்று தெறித்தது. தந்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அது தெறிக்கத்தான் வேண்டும் என்று கடைப்பையன் சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரும் வயர்களும். பிறகு சுவிட்ச். விசிறிகள் சுழன்றன, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. அரை நிமிடம், ஒரு நிமிடம். 1998-ன் மானிட்டர் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மஃப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். புது ராமை மதர்போர்டு முதல்முறையாகப் பழக்கிக்கொள்ள இந்த ரகத்தில் சில நிமிடம் ஆகும் என்பது மகனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் மூச்சு விடவில்லை. மூன்றாவது நிமிடம் எழுத்துகள் வந்தன.

கேபினெட்டைப் பழையபடி தெர்மோகோலுக்குள் இறக்கி, கயிறு கட்டி, ஆட்டோவில் ஏற்றியபோது இருட்டிவிட்டது. ஞாயிறு சந்தைக்கு விடுமுறை என்பதால் சனி மாலை நெரிசல் இருமடங்கு. கால்காஜி பக்கத்து வளைவில் ஆட்டோ நின்றுவிட, தந்தை பில்லை எடுத்து சீரியல் நம்பர்களை இன்னொரு முறை சரிபார்த்தார். மடித்து உள்பாக்கெட்டில் வைத்தவர், கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தையும் வைத்தார். உள்ளே அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. மதர்போர்டைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அதையும் கேட்பார்கள் என்று கடைப்பையன் போகிற போக்கில் சொல்லியிருந்தான்.