துப்பாக்கிச் சனியன்

துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் குத்துவாளுக்குத் தமிழில் 'துப்பாக்கிச் சனியன்' என்றொரு பெயர் உண்டு. கல்லாலான, கனத்த என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லான 'சங்கீன்', இந்துஸ்தானியில் இந்த ஆயுதத்தைக் குறிக்கும். அச்சொல் பட்டாளத்தோடு தெற்கே வந்து, நமக்கு முன்பே பழக்கமான சனியனின் உருவை ஏற்றுக்கொண்டது என்பது என் ஊகம். ஒலி பொருந்துகிறது. பொருளும், கத்திக்குத்து வாங்கியவனைக் கேட்டால், பொருந்தாமல் போகாது. ஆயினும் இடைநிலை வடிவம் ஒன்று ஆவணத்தில் கிடைக்கும்வரை இதை முடிபாகச் சொல்ல மாட்டேன்.

மொழியியல் மாணவனுக்குக் கத்தியோடு என்ன வேலை என்று துறையில் கேட்கிறார்கள். திருப்பதியில் என் நண்பர் ஒருவர் பழைய இராணுவக் கத்திகளைச் சேர்க்கிறார். அவற்றின் மேலுள்ள முத்திரைகளைப் படிக்க உதவப் போய் நானும் அகப்பட்டுக்கொண்டேன். கல்வெட்டு படிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எழுத்தைக் காட்டிலும் அது பொறிக்கப்பட்ட உடலைப் பார்க்கக் கற்க வேண்டும்.

நம் பக்கத்தில் மிகுதியாகக் கிடைப்பது 1907ஆம் ஆண்டு மாதிரிச் சனியன். ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் கத்தியைப் பார்த்து ஆங்கிலேயர் வடித்தது. அலகு மட்டும் 17 அங்குலம். முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் ஏந்தியது இதைத்தான். இரண்டாம் போரின்போது இந்தியாவில் இந்த நீளம் வேண்டாமென்று 12 அங்குலமாக்கினார்கள். பழைய அலகுகளை வெட்டியும் குறைத்தார்கள், குட்டையாகவே புதிதாகவும் செய்தார்கள். இரண்டையும் பிரித்தறிய அலகின் பக்கவாட்டிலுள்ள நீள்பள்ளத்தைப் பார்க்க வேண்டும். (இரத்தம் வழிய வைத்த பள்ளம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடையைக் குறைப்பதற்கு வைத்தது அது.) வெட்டிய அலகில் பள்ளம் நுனியை நெருங்கி ஓடும். போர்க்காலத்தில் புதிதாகச் செய்த எளிய வகையிலோ பள்ளமே இராது. பிடியை ஒட்டிய பகுதியில் கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளும் 'ஆர்.எஃப்.ஐ.' என்பதும் இருந்தால், வங்காளத்து ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் பிறந்தது.

சித்தூருக்கு அருகே ஒரு வீட்டில் இப்படியொன்றைக் காட்டினார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர். அவருடைய தாத்தா மெசபடோமியாப் போருக்குப் போய் 1919இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது என்று குடும்பக் கதை. ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பார்கள். பேரன் அதைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை வாசித்திருக்கிறான்.

அலகு 12 அங்குலம். பள்ளம் இல்லை. ஈசாப்பூர் முத்திரை, அதனடியில் 43 என்ற ஆண்டெண்.

தாத்தா போருக்குப் போனது பொய்யென்று இது சொல்லவில்லை. இந்தக் கத்தி அவருடையதாக இருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. சொல்லாமல் வந்துவிடலாமா என்று யோசித்தேன். வயதான மனிதரிடமிருந்து ஒரு கதையைப் பறித்து நமக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் என் ஆய்வேட்டுக்காக இதே மனிதரிடம் இரண்டு நாள் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். அவர் எனக்கு உண்மையைத் தந்தார் என்று நம்பித்தான் எழுதப் போகிறேன். சொன்னேன்.

நெடுநேரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பத்தி மூணா தம்பி? அப்பிடின்னா எங்க பெரியண்ணன் பட்டாளத்துல இருந்த காலம்." பர்மாப் போர்முனையிலிருந்து 1946இல் திரும்பி, குடித்து, பங்கு நிலத்தை விற்று, ஒரு நாள் வீட்டைவிட்டுப் போன அண்ணன். அவர் பெயரை இந்த வீட்டில் அறுபது ஆண்டுகளாக யாரும் எடுத்ததில்லை. நிழற்படமும் கிடையாது. "எங்கம்மா மட்டும் சொல்லிக்கினே இருக்கும், அந்தச் சனியன வெளிய தூக்கிப் போடுங்கடான்னு. கத்தியச் சொல்லுதா அவனச் சொல்லுதான்னு எங்களுக்குத் தெரியாது."

முத்திரை அண்ணனையும் நிரூபிக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு காவல்துறை ஆயுதப் படைகளிலும் இவை பல்லாண்டு புழங்கின. பழைய இரும்புக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பதிவுக் கருவியை நான் இயக்கவில்லை.

இத்தகைய கத்தி உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும்போது முத்திரை போய்விடும். மெல்லிய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் மட்டை உரிக்கவும் வேண்டாம்.

வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோர் பேச்சில் 'சனியன்' என்பது ஆயுதத்துக்குப் பெயராக வந்திருந்தால், அல்லது 'சங்கீன்', 'சங்கீனு' போன்ற வடிவம் ஏதும் காதில் விழுந்திருந்தால், யார் சொன்னது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற குறிப்போடு எனக்கு எழுதுங்கள்.