கடலும் கோப்பை கழுவுற தண்ணியும்

சில படங்களில் கணனியால் செய்த கடலைக் கண்டதும், "இது கடல் இல்லை, சிங்குக்குள்ள அலம்புற தண்ணி" என்று மனம் சொல்லிவிடும். நிறமும் வெளிச்சமும் சரியாய் இருந்தாலும் அப்படித்தான் படும். பெரும்பாலும் காரணம் இரண்டு எண்கள்: ஒன்று அளவு, மற்றது நுணுக்கம்.

என்ர பெறாமகன் 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக்கு வந்த அலையை ஒரு குறும்படத்துக்காக ஹூடினியில் செய்கிறான். ஹூடினி எங்கட ரொறன்ரோச் சரக்கு. 2018 இல் அதற்கு ஒஸ்கார்காரரின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. மாயா மென்பொருளின் திரவப் பகுதிக்கு அடிப்படை போட்ட யோஸ் ஸ்டாமும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்தான். நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு வருசப் பௌதிகத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவன். இந்த விசயத்துக்கு அந்த இரண்டு வருசம் காணும்.

முதலில் அளவு. ஹூடினியில் ஒரு அலகு என்றால் ஒரு மீற்றர். 10 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணி விழ 1.4 செக்கன் எடுக்கும். அதே அலையை 10 சென்ரிமீற்றராய்ச் செய்துவிட்டு, ஈர்ப்பை மாற்றாமல் விட்டால் 0.14 செக்கனில் விழுந்துவிடும். உருவம் ஒன்றுதான், வேகம் காட்டிக் கொடுத்துவிடும். பழைய படங்களில் பொம்மைக் கப்பலை வேகமாய்ப் படம்பிடித்து மெதுவாய் ஓட்டினதும் இதனால்தான்.

அடுத்தது நுணுக்கம். கணனி தண்ணியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாய்ப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. 10 மீற்றர் கனத்தை 10 சென்ரிமீற்றர் பெட்டிகளாய்ப் பிரித்தால் 10 லட்சம் பெட்டி. 5 சென்ரிமீற்றர் என்றால் 80 லட்சம். நேரத்தையும் பாதிப் பாதியாய் நறுக்கவேணும் என்பதால் வேலை 16 மடங்கு. அதோடு பெட்டியைச் சிறிதாக்கினால் அதே தெறிப்பு திரும்ப வராது, வேறொன்று வரும்.

பதினைந்து வருசத்துக்கு மேல் கோப்பை கழுவின எனக்குத் தண்ணித் துளியின் பருமன் கைக்குத் தெரியும். சிங்கிலும் கடலிலும் துளி சில மில்லிமீற்றர்தான். 10 சென்ரிமீற்றர் பெட்டியில் ஆகச் சின்னத் துளியே தேங்காய் அளவில் நிற்கும். கண் அதை 5 மில்லிமீற்றர்த் துளி என்று எடுத்துக்கொண்டால், 10 மீற்றர் அலை அரை மீற்றராய்ச் சுருங்கிவிடும்.

"இரவு முழுக்க ஓடுது சித்தப்பா, இவ்வளவும் காணும்" என்கிறான் பெடியன். பூதப் படம் என்றால் நானும் காணும் என்றுதான் சொல்லுவன். இது எங்கட சனத்தைக் கொண்டுபோன அலை. அது சிங்குத் தண்ணி மாதிரித் தெரிந்தால், இதுக்குள்ள அகப்பட்டோ இத்தனை பேர் செத்தவை என்று பார்க்கிறவன் நினைப்பான். தப்பி வந்த ஆக்களுக்கு அது எப்படி இருக்கும்?

அவனுக்கு நான் சொன்னது இதுதான். நுணுக்கத்துக்குக் காசும் மெசினும் வேணும், அதைக் கமராவுக்குக் கிட்ட மட்டும் கூட்டு. நுரையையும் தூவானத்தையும் தனியாய்ச் செய். சுனாமி சுருண்டு விழுந்து முடிகிற அலை இல்லை, நிற்காமல் ஊருக்குள்ள வந்துகொண்டே இருக்கும் கடல். அதையும் மறவாதே. ஆனால் எல்லாத்துக்கும் முதல் அளவைச் சரியாய் வை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.