முந்திரிக்குப் பதிலா..!

ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற ஆளா நீங்க? அப்படின்னா இது உங்களுக்குப் பழகின காட்சியாத்தான் இருக்கும். பருப்பு வெந்தாச்சு, ரசம் வைக்கலாம்னு டப்பாவைத் திறந்தா... புளி காலி! மாசக் கடைசி வேற.

எங்க ரூம்ல நாலு பேர். சமையல் இலாகா என்னோடது. 'இது இல்லேன்னா அது'ங்கிறதுல நான் கில்லாடி. புளி இல்லையா? தக்காளியைக் கூட ரெண்டு போட்டுப் பிசைஞ்சுடுவேன். இல்லேன்னா, அடுப்பை அணைச்சுட்டு எலுமிச்சம்பழம் பிழிவேன். (கொதிக்கும்போது பிழிஞ்சா கசந்துடும். அனுபவம்!) தேங்காய் இல்லையா? பொட்டுக்கடலையை அரைச்சு ஊத்தினா குழம்பு கெட்டியாகிடும்.

யாராவது கிண்டல் பண்ணினா, மிளகாய்க் கதையை எடுத்து விடுவேன். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. சுமார் 500 வருஷத்துக்கு முன்னாடி போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்து சேர்க்கிற வரைக்கும் நம்ம சமையல்ல காரத்துக்கு மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதான் 'மிளகாய்'. ஆக, மிளகாயே ஒரு மாற்றுச் சரக்குதானே பாஸ்!

அந்தக் கெத்துலதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருமாவுல முந்திரிக்குப் பதிலா வேர்க்கடலையை அரைச்சு ஊத்தினேன். விலை குறைவு, குருமாவும் அதே மாதிரி கெட்டியா வந்தது. யார்கிட்டேயும் சொல்லலை. 'முந்திரி சூப்பர் மச்சி'ன்னு பாராட்டு வேற வாங்கிக்கிட்டேன்.

பத்தே நிமிஷம். எதிர்ல உட்கார்ந்திருந்த நண்பனுக்கு உதடு வீங்கிடுச்சு. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்க ஆரம்பிச்சது. "டேய்... இதுல கடலை போட்டியா?"ன்னு திணறித் திணறிக் கேட்டான். சின்ன வயசுல இருந்தே அவனுக்கு வேர்க்கடலை ஆகாதாம். கடலை மிட்டாயைத் தொடாம அவன் ஒதுங்கினப்பல்லாம், 'ரொம்பத்தான் பிகு பண்றான்'னு ஓட்டியிருக்கோம். முந்திரி அவனுக்கு ஒத்துக்கும். அதை நம்பித்தான் சாப்பிட்டிருக்கான்.

ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில அட்ரினலின் ஊசி போட்டாங்க. "என்ன சாப்பிட்டார்?"னு டாக்டர் கேட்டப்ப, பதில் சொல்ல எனக்கு வாயே வரலை. விடிய விடிய அவன் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்.

முந்திரி, மரத்துல காய்க்கிற கொட்டை. வேர்க்கடலையோ பயறு, உளுந்தோட இனம். நம்ம நாக்கு ரெண்டையும் ஒண்ணுன்னு நம்பிடும். அவன் உடம்பு நம்பலை!

லேப்ல ஒரு ரெசிஸ்டரை மாத்தினாகூட ரெக்கார்டுல எழுதறோம். தட்டுல மாத்தினதைச் சொல்ல வேண்டாமா? இப்பவும் மாத்தி மாத்தித்தான் சமைக்கிறேன். ஆனா, யாருக்கு எது ஆகாதுன்னு கிச்சன் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்கோம். நீங்களும் இன்னிக்கே உங்க ரூம்மேட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அதையும் மீறி யாருக்காவது மூச்சுத் திணறினா, 'சரியாயிடும்'னு காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிதான்!

நண்பன் இன்னமும் என் சமையலைத்தான் சாப்பிடறான். முதல் வாய்க்கு முன்னாடி மட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்பான்: "இன்னிக்கு எதுக்குப் பதிலா எது மச்சி?"

எனக்குத்தான் சிரிப்பு வராது.